பல்கலைக்கழக சிம்பொனி இசைக்குழுவில் சேர்வது எப்படி: விண்ணப்பம் முதல் முதல் கச்சேரி வரை

நான் செலோ வாசிக்கிறேன். பல்கலைக்கழகத்தில் சேர்ந்த முதல் ஆண்டில், வகுப்புகள் தொடங்கிய பின் விசாரித்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். இசைத் துறைக்கு நான் போய்ச் சேர்ந்த நாளில் தேர்வு முடிந்து, யார் எந்த இருக்கையில் அமர்வது என்ற பட்டியலும் கதவில் ஒட்டப்பட்டிருந்தது. இரண்டாம் ஆண்டு நேரத்தோடு விண்ணப்பித்தும் தேர்வறையில் தவறினேன். மூன்றாம் முறைதான் இடம் கிடைத்தது. அந்த இரண்டு ஆண்டுகளையும் நான் இழந்ததற்குக் காரணமான விவரங்கள் எல்லாம் முன்கூட்டியே கேட்டறிந்திருக்கக் கூடியவை. சிம்பொனி இசைக்குழுவில் வாசிக்க விரும்பும் வேறொருவருக்கு அந்த இழப்பு நேரக் கூடாது என்பதற்காக, செய்ய வேண்டியவற்றைச் செய்ய வேண்டிய வரிசையிலேயே எழுதுகிறேன். விதிகள் ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் சற்று மாறும். ஆயினும் கேட்க வேண்டிய கேள்விகள் பெரும்பாலும் இவைதான்.

1. கச்சேரிப் பருவத்தின் நாட்காட்டியை முதலில் வாங்குங்கள்

பல்கலைக்கழக இசைக்குழுவின் கச்சேரிப் பருவம் கல்வியாண்டோடு தொடங்கி அதோடு முடிகிறது. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் சில வாரங்கள் ஒத்திகை நடக்கும். வாரத்துக்கு ஒன்றிரண்டு நாட்கள், ஒவ்வொன்றும் இரண்டு முதல் மூன்று மணி நேரம் என்பது வழக்கமான அளவு. கச்சேரி வாரத்தில் மட்டும் அரங்கிலேயே நடக்கும் கூடுதல் ஒத்திகைகள் சேர்ந்துகொள்ளும்.

இந்த நாட்காட்டி பெரும்பாலும் முந்தைய கல்வியாண்டு முடியும் தறுவாயிலேயே தயாராகிவிடுகிறது. ஆகவே சேர்க்கைக் கடிதம் கைக்கு வந்தவுடன், வகுப்புகள் தொடங்கும்வரை காத்திராமல், இசைக்குழுவின் மேலாளருக்கு எழுதிக் கேளுங்கள். ஐந்து தேதிகளைக் குறித்துக்கொள்ள வேண்டும்: விண்ணப்பம் பெறும் கடைசி நாள், தேர்வுப் பகுதிகளின் இசைத்தாள்கள் வெளியாகும் நாள், தேர்வு நாள், பாடப் பதிவில் மாற்றம் செய்வதற்கான கடைசி நாள், ஒவ்வொரு கச்சேரியின் நாள். கடைசியாகச் சொன்னதோடு அந்தந்தக் கச்சேரியின் இறுதி ஒத்திகை நாளையும் சேர்த்தே எழுதுங்கள். புதியவர்கள் கச்சேரித் தேதியை மட்டும் குறித்துவைத்துவிட்டு, முந்தைய நாள் மாலையில் ஆய்வகத் தேர்வு இருப்பதைப் பின்னர் கண்டுபிடிக்கிறார்கள். இறுதி ஒத்திகைக்கு வராதவரைக் கச்சேரி மேடையில் ஏற்றுவதில்லை என்பது பல குழுக்களில் உறுதியான விதி.

தேர்வு நாள் பெரும்பாலும் வகுப்புகள் தொடங்கும் வாரத்திலோ அதற்கு முந்தைய வாரத்திலோ வரும். விண்ணப்பம் அதற்கும் முன்பே மூடப்பட்டுவிடும். எனக்கு முதல் ஆண்டு போனது இந்த இடத்தில்தான்.

2. எந்தக் குழு, எந்த வகைச் சேர்க்கை என்று முடிவு செய்யுங்கள்

பெரிய பல்கலைக்கழகங்களில் ஒன்றுக்கு மேற்பட்ட இசைக்குழுக்கள் இருப்பதுண்டு. முதன்மைக் குழுவில் இசையைப் பட்டப்படிப்பாகப் பயில்பவர்களே பெரும்பான்மையாக இருப்பார்கள். பொறியியலோ உயிரியலோ படிப்பவர்களுக்கென மற்றொரு குழு இருக்கலாம். அதில் தேர்வு எளிதாக இருக்கும், சில இடங்களில் தேர்வே இருக்காது. ஊழியர்கள், பழைய மாணவர்கள், அப்பகுதியில் வசிக்கும் இசைக் கலைஞர்கள் ஆகியோரையும் உறுப்பினர்களாகச் சேர்க்கும் குழுக்களும் உண்டு. உங்கள் தகுதிக்கு மேலான குழுவில் கடைசி இருக்கையில் திணறுவதைவிட, உங்களால் முழுமையாக வாசிக்க முடிந்த குழுவில் ஓர் ஆண்டு இருந்துவிட்டு மேலே போவது நல்லது என்பது என் கருத்து. குழு வாசிப்பு என்பது தனி வாசிப்பிலிருந்து வேறுபட்ட திறன்; அது எந்தக் குழுவில் இருந்தாலும் வளரும்.

அடுத்து, மதிப்பெண்ணோடு கூடிய பாடமாகப் பதிவு செய்வதா, மதிப்பெண் இல்லாமல் சேர்வதா என்ற கேள்வி. பாடமாகப் பதிவு செய்தால் வருகைப்பதிவு உங்கள் தரப் புள்ளியைப் பாதிக்கும்; குறிப்பிட்ட பாட அளவைத் தாண்டினால் கூடுதல் கட்டணமும் வரலாம். வெளிநாட்டு மாணவராக இருந்தால், இந்தப் பாடம் முழுநேர மாணவருக்கான பாட அளவில் கணக்கில் சேருமா என்பதை உங்கள் கல்வி ஆலோசகரிடம் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். மாணவர் அல்லாத சமூக உறுப்பினர்கள் ஆண்டு உறுப்பினர் கட்டணம், கட்டட நுழைவு அட்டை, வாகன நிறுத்த அனுமதி ஆகிய மூன்றையும் பற்றி முதலிலேயே விசாரிக்க வேண்டும். இரவு ஒத்திகைக்குக் கையில் வாத்தியத்தோடு வந்து பூட்டிய கதவின் முன் நிற்பவர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன்.

3. ஆவணங்களை ஒரே கோப்பில் திரட்டுங்கள்

கேட்கப்படுபவை அதிகமில்லை, ஆனால் கடைசி நாளில் திரட்ட முடியாதவை அவற்றில் சில உண்டு.

மாணவர் அடையாள அட்டை அல்லது சேர்க்கைக் கடிதம், அந்தப் பருவத்தின் வகுப்பு அட்டவணை, ஒரு பக்க அளவில் உங்கள் இசைப் பின்னணி ஆகியவை அடிப்படை. பின்னணித் தாளில் எத்தனை ஆண்டுகள் பயின்றீர்கள், எந்தக் குழுக்களில் வாசித்தீர்கள், அண்மையில் முழுமையாக வாசித்த படைப்புகள் எவை என்று மட்டும் எழுதினால் போதும். பரிசுகளின் நீண்ட பட்டியலைவிட, ஒரு சிம்பொனியை முழுவதுமாகக் குழுவில் வாசித்திருக்கிறேன் என்ற ஒரு வரி தேர்வாளருக்கு அதிகம் சொல்லும். ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம் கேட்கப்பட்டால், குறைந்தது இரண்டு வாரங்களுக்கு முன்பே அவரிடம் கேளுங்கள்.

நேரில் வர இயலாதவர்களிடம் காணொளி கேட்பார்கள். அதில் வெட்டி ஒட்டுதல் கூடாது. ஒவ்வொரு பகுதியும் தொடக்கம் முதல் இறுதிவரை ஒரே மூச்சில் பதிவாகியிருக்க வேண்டும். முகமும் இரு கைகளும் தெரிய வேண்டும். காணொளி இணைப்பை அனுப்பிய பின், வேறொருவருடைய கைபேசியில் அது திறக்கிறதா என்று சோதியுங்கள். அனுமதி பூட்டப்பட்ட இணைப்பை அனுப்பிவிட்டு, தேர்வாகவில்லை என்று வருந்துபவர்கள் உண்டு.

இவற்றோடு வாத்தியத்தின் விவரத்தையும் ஒரு தாளில் எழுதிவையுங்கள்: தயாரித்தவர் பெயர், வரிசை எண் இருந்தால் அது, மதிப்பு, நான்கு பக்கமும் எடுத்த படங்கள். காப்பீட்டுக்கும் பயணத்துக்கும் பின்னர் இதுவே தேவைப்படும்.

4. தேர்வுக்குத் தயாராகுங்கள்

தேர்வு பெரும்பாலும் 5 முதல் 10 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அதற்குள் ஸ்கேல்கள் (ஏறி இறங்கும் ஸ்வர வரிசைகள்), நீங்களே தேர்ந்துகொண்ட தனி வாசிப்பு, இசைக்குழுப் படைப்புகளிலிருந்து எடுத்த பகுதிகள், முன்பின் பார்க்காத தாளை அப்படியே வாசிப்பது ஆகிய நான்கும் வரலாம். புதியவர்கள் தங்கள் நேரத்தில் பெரும்பகுதியைத் தனி வாசிப்பில் செலவிடுகிறார்கள். முடிவைத் தீர்மானிப்பதோ பெரும்பாலும் இசைக்குழுப் பகுதிகள்தான்.

அந்தப் பகுதிகள் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் ஒரு சிறு தொகுதியிலிருந்தே வருகின்றன. வயலினுக்கு மொஸார்ட்டின் 39ஆம் சிம்பொனியின் இறுதிப் பகுதி, ஃப்ளூட்டுக்கு பிராம்ஸின் 4ஆம் சிம்பொனியின் இறுதிப் பகுதியில் வரும் தனி வாசிப்பு, ஹார்னுக்கு சைக்கோவ்ஸ்கியின் 5ஆம் சிம்பொனியின் இரண்டாம் பகுதி, இங்கிலிஷ் ஹார்னுக்கு ட்வோர்ஷாக்கின் 9ஆம் சிம்பொனியின் இரண்டாம் பகுதி, செலோவுக்கும் டபுள் பேஸுக்கும் பீத்தோவனின் 5ஆம் சிம்பொனியின் மூன்றாம் பகுதி ஆகியவை அவற்றுள் சில.

நான் தவறியது இந்தக் கடைசிப் பகுதியில்தான். அதன் நடுவில் வரும் டிரியோ என்ற பகுதியை செலோக்களும் பேஸ்களும் தொடங்குகின்றன; எட்டிலொரு பங்கு ஸ்வரங்கள் விடாமல் ஓடும், இடது கை நன்றாகத் தயாராக இருக்க வேண்டும். மாதக்கணக்கில் அந்த ஓட்டத்தைத்தான் பழகினேன். அதன் இரண்டாம் பாதியில் இசை ஓடத் தொடங்கி நிற்கும். மறுபடி தொடங்கி மறுபடி நிற்கும். மூன்றாம் முறைதான் தடையின்றி ஓடும். அந்த நிறுத்தங்களில் வாசிப்பவருக்கு வேலை ஒன்றுமில்லை, எண்ணுவதைத் தவிர. தேர்வறையில் என் வில் தந்திக்கு ஒரு விரற்கடை மேலே நடுங்கிக்கொண்டு நிற்க, மூன்று தட்டு நிற்க வேண்டிய பாரில் (தாளத்தின் ஒரு சுற்றில்) இரண்டரைத் தட்டிலேயே உள்ளே பாய்ந்தேன். தேர்வாளர் பென்சிலால் ஏதோ குறித்ததை என்னால் பார்க்க முடிந்தது. ஸ்வரங்கள் எல்லாம் சரியாக இருந்தன, ரெஸ்ட்டை, அதாவது தாளில் எழுதப்பட்ட மௌனத்தை, தின்றுவிட்டேன். எழுபது எண்பது பேர் ஒன்றாக மௌனமாக நிற்கும் இடத்தில் ஒருவர் மட்டும் முந்தி நுழைந்தால் என்ன ஆகும் என்பதைத்தான் அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆகவே பழகும் முறையை இப்படி அமைத்துக்கொள்ளுங்கள். முதலில் எல்லா வாத்தியங்களின் பகுதிகளும் சேர்ந்த முழு இசைக்கோவையைக் கையில் வைத்துக்கொண்டு, வெவ்வேறு குழுக்களின் பதிவுகளைக் கேளுங்கள். நீங்கள் மௌனமாக இருக்கும்போது யார் வாசிக்கிறார் என்பது தெரிந்துவிட்டால் ரெஸ்ட் வெற்றிடமாக இருக்காது. காப்புரிமைக் காலம் முடிந்த படைப்புகளின் இசைத்தாள்கள் ஐஎம்எஸ்எல்பி என்ற இணைய நூலகத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் குழு உங்களுக்குத் தாள் அனுப்பியிருந்தால் அதையே பழகுங்கள். பதிப்புக்குப் பதிப்பு வில் திசையும் இணைப்புக் கோடுகளும் மாறும். அடுத்து மெட்ரோனோம் என்ற தாளம் தட்டும் கருவியை வைத்து, இலக்கு வேகத்தின் பாதியிலிருந்து தொடங்கி மெல்ல ஏற்றுங்கள். கடைசி வாரத்தில் தினமும் ஒருமுறை கைபேசியில் பதிவு செய்து, அன்றே கேளுங்கள். எழுதப்பட்ட மென்மையும் உரப்பும் பதிவில் கேட்கிறதா என்று பாருங்கள். நமக்கு மென்மையாகத் தோன்றுவது அறைக்கு நடுத்தர ஒலியாகவே கேட்கும்.

வாத்தியத்துக்குரிய கண்ணிகள் சிலவும் உண்டு. கிளாரினெட் வாசிப்பவரிடம் பி ஃப்ளாட் வாத்தியம் மட்டுமே இருந்தால் போதாது. சிம்பொனிகளில் ஏ கிளாரினெட்டுக்கு எழுதப்பட்ட பகுதிகள் ஏராளம். ஹார்ன், டிரம்பெட் வாசிப்பவர்கள் வெவ்வேறு சுருதிக்கு எழுதப்பட்ட தாளைப் பார்த்தவுடன் மாற்றி வாசிக்கப் பழக வேண்டும். வயலினிலிருந்து வியோலாவுக்கு மாறுபவர்கள் ஆல்ட்டோ கிளெஃப் என்ற ஸ்வரக் குறியீட்டைச் சரளமாகப் படிக்கும்வரை தேர்வுக்குப் போகாதீர்கள். செலோக்காரர்களுக்கு டெனர் கிளெஃப் அப்படியே.

முன்பின் பார்க்காத தாள் தரப்படும்போது, வாசிக்கத் தொடங்குமுன் சிறிது நேரம் கேட்டுப் பெறலாம். அந்த நேரத்தில் கீ சிக்னேச்சர் (வரியின் தொடக்கத்தில் உள்ள ஷார்ப், ஃப்ளாட் குறிகள்), தாளம், மிக வேகமான பார் ஆகிய மூன்றையும் பாருங்கள். அந்த மிக வேகமான பாரால் உங்கள் வேகத்தைத் தீர்மானியுங்கள். தவறினால் நிற்காதீர்கள், திரும்பிப் போகாதீர்கள். திரைக்குப் பின்னால் தேர்வு நடந்தால் பேசவும் கூடாது. சந்தேகத்தை உடன் வரும் உதவியாளரிடம் மெதுவாகச் சொல்லுங்கள்.

5. முடிவு வந்தவுடன் உறுதி செய்யுங்கள்

முடிவு சில நாட்களில் வந்துவிடும். அதில் ஓர் உறுதிப்படுத்தும் கெடு இருக்கும். சில இடங்களில் அது ஒரே நாள்தான். பதில் அனுப்பாவிட்டால் இடம் காத்திருப்போருக்குப் போய்விடும். பாடமாகப் பதிவு செய்பவர்கள், பதிவு மாற்றத்தின் கடைசி நாளுக்குள் அதையும் முடித்துவிடுங்கள். குழுவின் பட்டியலில் பெயர் இருப்பதும் பல்கலைக்கழகப் பதிவில் பெயர் இருப்பதும் வெவ்வேறு.

இடம் கிடைக்காதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வயலின்களுக்கு இருபது, முப்பது இருக்கைகள் இருக்கும் குழுவிலும் ஃப்ளூட்டுக்கும் ஓபோவுக்கும் இரண்டு மூன்றுதான் இருக்கும். காற்று வாத்தியக்காரர்கள் தேர்வாகாமல் போவது பெரும்பாலும் எண்ணிக்கையால்தான். காத்திருப்போர் பட்டியலில் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள். தேர்வாளரின் குறிப்புகளைப் பணிவாகக் கேட்டு வாங்குங்கள். ரெஸ்ட்டைப் பற்றிய என் தவறு எனக்கு முழுதாக விளங்கியது அந்தக் குறிப்பைப் படித்த பிறகுதான்.

6. செலவுகளைக் கணக்கிடுங்கள்

ஒருமுறைச் செலவையும் தொடர்செலவையும் பிரித்து எழுதிக்கொள்ளுங்கள். கறுப்புக் கச்சேரி உடை, கறுப்புக் காலணி, மடக்கும் ஸ்டாண்ட், ஒலியடக்கி, செலோவுக்கும் பேஸுக்கும் தரையில் வழுக்காமல் தடுக்கும் பிடிப்பான் ஆகியவை ஒருமுறை வாங்கினால் போதும். உடை வாங்குமுன் குழுவின் உடை விதியைப் படியுங்கள். முழுக்கை வேண்டும், கணுக்கால் மறைய வேண்டும் என்பன போன்ற நுணுக்கங்கள் இருக்கும்.

தொடர்செலவில் தந்தி வாத்தியக்காரர்களுக்குத் தந்தி மாற்றுவதும், வில்லுக்கு மயிர் மாற்றுவதும், வில் மயிரில் தேய்க்கும் ரோசின் என்ற பிசினும் வரும். முறையாக வாசிப்பவருக்கு வில் மயிரை ஆண்டுக்கு ஒரு முறையோ இரு முறையோ மாற்ற வேண்டியிருக்கும். கச்சேரி வாரத்தில் இதைச் செய்யாமல் இரண்டு வாரம் முன்பே முடித்துவிடுங்கள். புதுத் தந்திகளும் அப்படியே: சுருதி நிலைக்கச் சில நாட்கள் பிடிக்கும். ஓபோ, பஸூன் வாசிப்பவர்களுக்கு ரீட் எனப்படும், வாயில் வைத்து ஊதும் நாணல் துண்டின் செலவு ஓயாதது. கட்டணம் பற்றிய பேச்சில் யாரும் அதைச் சொல்வதில்லை.

டிம்பனி, ஹார்ப், டபுள் பேஸ், டூபா போன்ற பெரிய வாத்தியங்களைப் பெரும்பாலும் பல்கலைக்கழகமே வைத்திருக்கிறது. மற்ற வாத்தியங்களும் இரவலாகக் கிடைக்கக்கூடும். இரவல் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன், வாத்தியத்தில் ஏற்கெனவே உள்ள கீறல், விரிசல் ஒவ்வொன்றையும் தேதி தெரியும்படி படமெடுத்து, அந்தப் படங்களை அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டுக் கையெழுத்திடுங்கள். நான் அப்படிச் செய்யாமல், என் கைக்கு வருமுன்பே பிளந்திருந்த ஒரு விளிம்புக்குப் பழுதுச் செலவைக் கொடுத்தேன். சேதமானால் யார் பொறுப்பு, விடுமுறையில் வீட்டுக்கு எடுத்துச் செல்லலாமா, திருப்பித் தரும் நாள் எது என்ற மூன்று வரிகளும் ஒப்பந்தத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

சொந்த வாத்தியத்துக்குக் காப்பீடு எடுங்கள். வீட்டுக் காப்பீடு மேடையிலும் பயணத்திலும் செல்லுமா என்று கேட்டறியுங்கள். குழுவோடு வெளிநாட்டுப் பயணம் உண்டென்றால் இன்னொன்று: பழைய வில்களில் தந்தமோ ஆமை ஓடோ இருக்கலாம், நல்ல வில்கள் பலவும் செய்யப்படும் பெர்னாம்புகோ மரமும் அருகிவரும் உயிரினங்களுக்கான சர்வதேச உடன்படிக்கையின் பட்டியலில் 2007 முதல் உள்ளது. எந்தச் சான்றிதழ் தேவை என்பதைப் பயணத்துக்குப் பல மாதங்கள் முன்பே விசாரியுங்கள்.

7. முதல் ஒத்திகைக்கு முன்

இசைத்தாள்கள் கைக்கு வந்த அன்றே பக்கங்களை எண்ணுங்கள். மூலத்தாளை வீட்டில் பத்திரமாக வைத்துவிட்டு நகலில் பழகலாமா என்பதை இசைத்தாள் நூலகரிடம் கேளுங்கள்; காப்புரிமையுள்ள படைப்புகளின் தாள்கள் பதிப்பாளரிடமிருந்து வாடகைக்கு வருபவை, அவற்றுக்கு விதி வேறு. எதிலும் மென்மையான பென்சிலால் மட்டும், லேசாக எழுதுங்கள். பேனா எடுக்கவே கூடாது.

தந்தி வாத்தியங்களுக்கு வில் திசைகளைப் பிரிவுத் தலைவர் குறித்துத் தருவார். ஒத்திகைக்கு முன்பே அவற்றை உங்கள் தாளில் ஏற்றிவிடுங்கள். இருவர் ஒரு ஸ்டாண்டைப் பகிரும்போது, உட்பக்கம் அமர்பவர் பக்கம் திருப்புவார். வெளிப்பக்கத்தவர் வாசிப்பைத் தொடர்வார். முதல் ஒத்திகையில் நான் உட்பக்கம் அமர்ந்திருந்தேன். வாசிக்கும் ஆர்வத்தில் பக்கத்தின் கடைசி பார்வரை வாசித்துவிட்டுத்தான் கையை நீட்டினேன். இருவருமே அடுத்த நான்கு பார்களை இழந்தோம். அருகிலிருந்தவர் ஒன்றும் சொல்லாமல், பக்கத்தின் கீழ் மூலையில் எந்த பாரில் நான் நிறுத்த வேண்டும் என்று ஒரு சிறு மூக்குக்கண்ணாடிப் படத்தை வரைந்து வைத்தார். கவனி என்பதற்கு இசைக்குழுக்காரர்கள் போடும் குறி அது.

தொடங்கும் நேரம் 7 மணி என்றால் 7 மணிக்குச் சுருதி சேர்க்கப்படும் என்று பொருள். குறைந்தது 15 நிமிடம் முன்பே இருக்கையில் அமர்ந்து விரல்களைச் சூடாக்கிக்கொள்ளுங்கள். ஓபோ ஏ ஸ்வரத்தைக் கொடுத்தவுடன் பேச்சு நிற்க வேண்டும். அந்த ஏ 440 ஹெர்ட்ஸா 442 ஹெர்ட்ஸா என்று முன்பே கேட்டு, வீட்டிலும் அதே சுருதியில் பழகுங்கள்.

8. விடுப்பு

ஒரு நிகழ்ச்சிக்கு எத்தனை ஒத்திகை தவறலாம் என்பது எழுத்தில் இருக்கும். ஒன்று அல்லது இரண்டுக்கு மேல் அனுமதிப்பது அரிது. முன்கூட்டியே தெரிந்த விடுப்பைப் பருவத் தொடக்கத்திலேயே படிவத்தில் எழுதிக் கொடுங்கள். உடல்நலமில்லாமல் போனால் மேலாளருக்கும் பிரிவுத் தலைவருக்கும் இருவருக்குமே தெரிவியுங்கள். காற்று வாத்தியக்காரர் ஒருவர் வராவிட்டால் அந்தப் பகுதியை வாசிக்க வேறொருவர் இல்லை. மாற்று ஆளைக் கேட்டு வைப்பது உங்கள் பொறுப்பா, மேலாளரின் பொறுப்பா என்பதையும் அறிந்துகொள்ளுங்கள்.

9. கச்சேரி வாரமும் சமூகச் செய்திகளும்

கச்சேரியன்று அறிவிப்பில் இரண்டு நேரங்கள் இருக்கும்: நிகழ்ச்சி தொடங்கும் நேரம் ஒன்று, வாசிப்பவர்கள் அரங்கில் இருக்க வேண்டிய நேரம் மற்றொன்று. குடும்பத்தாருக்கு முதலாவதைச் சொல்லுங்கள், உங்கள் கைபேசியில் இரண்டாவதை மட்டும் பதியுங்கள். உறுப்பினர்களுக்கு இலவச நுழைவுச்சீட்டு உண்டா, எத்தனை, எந்த நாளுக்குள் கேட்க வேண்டும் என்று விசாரியுங்கள். ஒத்திகையைப் பதிவு செய்து சமூக வலைத்தளங்களில் போட வேண்டாம்; காப்புரிமையும் மற்ற உறுப்பினர்களின் சம்மதமும் அதில் அடங்கியிருக்கின்றன.

குழுவின் செய்தி மடலை முழுவதும் படியுங்கள். குழுவோடு தனிக் கலைஞராக வாசிக்கும் கான்செர்ட்டோ போட்டியின் கடைசி நாள், பள்ளிச் சிறுவர்கள் உறுப்பினர்களுக்கு அருகில் அமர்ந்து வாசிக்கும் நிகழ்ச்சிகள், பொதுமக்களுக்குத் திறந்துவிடப்படும் ஒத்திகைகள், சிறு குழு இசைக்கு ஆள் தேடும் அறிவிப்புகள் எல்லாம் அதில்தான் வரும். இந்த ஆண்டு இடம் கிடைக்காதவர்களுக்கு அது இன்னும் முக்கியம்: மேடை அமைக்க, இசைத்தாள் அடுக்க, பார்வையாளரை இருக்கையில் அமர்த்தத் தன்னார்வலர்கள் தேவை என்ற அறிவிப்பும் அதில் இருக்கும். இரண்டாம் ஆண்டு தேர்வில் தவறிய பின் நான் நாற்காலி அடுக்கும் பணியில் சேர்ந்தேன். ஓரத்தில் நின்று ஒத்திகைகளைக் கேட்டதில், நடத்துநர் எந்தத் தவறுக்கு நிறுத்துகிறார், எதைப் பார்த்தும் விட்டுவிடுகிறார் என்பது தெரிந்தது. அடுத்த தேர்வுக்கு அதுவே எனக்குப் பெரிய பயிற்சியானது.

கச்சேரி முடிந்த இரவே, வீட்டுக்குப் போகுமுன், உங்கள் பென்சில் குறிகளை அழித்து, பக்கங்களை வரிசைப்படுத்தி, தாள்களை நூலகரின் பெட்டியில் போட்டுவிடுங்கள். வாடகைத் தாள்களைத் திருப்பி அனுப்பக் கெடு உண்டு. உங்கள் ஒருவருடைய தாள் வரவில்லை என்றாலும் முழுத் தொகுதியும் தாமதமாகும், அபராதமும் உங்களைத் தேடி வரும்.